வேதியியல் ஆய்விதழ்களிலும் காப்புரிமைகளிலும் தேடுவது: கேள்வி பதில்

கேள்வி: சேர்மத்தின் பெயரைக் கொடுத்துத் தேடினால் பல கட்டுரைகள் விடுபட்டுப் போகின்றன. என்ன செய்வது?

பதில்: ஒரே சேர்மத்துக்கு ஐயுபாக் (பன்னாட்டு வேதியியல் ஒன்றியம்) விதிப்படியான பெயர், வழக்குப் பெயர், வணிகப் பெயர் என்று பல உண்டு, கட்டுரையாளர் எதைக் கையாண்டார் என்று நாம் ஊகிக்க முடியாது. ஆகவே கட்டமைப்பை வரைந்தோ, சிஏஎஸ் (கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ் சர்வீஸ்) ஒவ்வொரு சேர்மத்துக்கும் தரும் பதிவு எண்ணைக் கொண்டோ தேடுங்கள். ஆஸ்பிரினின் எண் 50-78-2. அதன் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது: மற்ற இலக்கங்களை வலமிருந்து முறையே 1, 2, 3, 4 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 42 வரும், அதன் கடைசி இலக்கமே அந்த 2. எண்ணைத் தவறாகத் தட்டச்சு செய்திருந்தால் பெரும்பாலும் இதிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: சந்தா கட்டிப் பயன்படுத்தும் வேதியியல் தரவுத்தளங்களில் எது நல்லது, சைஃபைண்டரா, ரியாக்சிஸா?

பதில்: எதைத் தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1907இல் தொடங்கிய கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ் என்ற ஆய்வுச் சுருக்கத் தொகுப்பின் வழிவந்த சைஃபைண்டர், ஒரு பொருளைப் பற்றி யார் என்ன எழுதினார்கள் என்று பார்க்க ஏற்றது. கரிம வேதியியலுக்கான பைல்ஸ்டைன், கனிம வேதியியலுக்கான கிமெலின் ஆகிய தரவுத் தொகுப்புகளின் மேல் எழுந்த ரியாக்சிஸை, உருகுநிலை போன்ற அளவீடுகளுக்கும் வினை நிலைமைகளுக்கும் நான் முதலில் திறப்பேன்.

கேள்வி: இரண்டுக்கும் சந்தா இல்லாதவர்கள்?

பதில்: சேர்மங்களுக்குப் பப்கெம், காப்புரிமைகளுக்கு ஷ்யூர்கெம்பிள், எஸ்பேஸ்நெட், பேட்டன்ட்ஸ்கோப் ஆகிய அனைத்தும் இலவசம். ஷ்யூர்கெம்பிள் கட்டமைப்புகளைக் கணினியே பிரித்தெடுப்பதால், மூல ஆவணத்தோடு ஒப்பிடாமல் எதையும் நம்ப வேண்டாம்.

கேள்வி: என் மூலக்கூறு எந்தத் தரவுத்தளத்திலும் இல்லை. அது புதியது என்று கொள்ளலாமா?

பதில்: கூடாது. காப்புரிமைக் கோரிக்கைகள் பெரும்பாலும் மார்குஷ் வாய்பாட்டில் எழுதப்படுகின்றன. ஒரு மையக் கட்டமைப்பை வரைந்து, அதன் ஓரிடத்தில் ஆல்கைல், ஹாலோஜன் அல்லது அரைல் வரலாம் என்று சொல்லிவிட்டால், யாரும் தயாரித்தே பார்க்காத எண்ணற்ற சேர்மங்களும் அந்தக் கோரிக்கைக்குள் அடங்கிவிடும். இவை தனித்தனியாகப் பதிவாகாததால், உங்கள் மூலக்கூறை அப்படியே தேடினால் அகப்படாது. மூலக்கூறின் ஒரு பகுதியைக் கொண்டு தேடும் துணைக்கட்டமைப்புத் தேடலோடு, மார்பேட் போன்ற தரவுத்தளத்தில் மார்குஷ் தேடலையும் செய்து, பல்லினவளையச் சேர்மமானால் (வளையத்தில் கார்பன் அல்லாத அணுவும் இருந்தால்) சி07டி (C07D) என்ற காப்புரிமை வகைப்பாட்டுக் குறியீட்டையும் சேர்த்துப் பாருங்கள். அதன் பிறகும் ஓர் இடைவெளி இருக்கும்: விண்ணப்பங்கள் பொதுவாக முதல் தாக்கல் நாளிலிருந்து 18 மாதங்கள் கழித்தே வெளியாகின்றன என்பதால், இன்று தேடி முடித்தவர் அடுத்த ஆண்டும் ஒருமுறை தேட வேண்டும். அதற்குத் தானியங்கி அறிவிப்பை அமைத்துக்கொள்வது எளிது.

கேள்வி: உரையாடும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் தரும் மேற்கோள்களைப் பயன்படுத்தலாமா?

பதில்: கட்டுரையின் நிலையான இணைய அடையாளமான டிஓஐ எண்ணைத் திறந்து கட்டுரையைக் கண்ணால் பார்த்த பிறகு மட்டும்.