விமியின் சிமெண்ட் மூட்டைகள்

அன்புள்ள சார்,

வேலை நிமித்தம் பிரஸ்ஸல்ஸில் இருக்கிறேன். சென்ற மாதம் மனைவி, மகனோடு வடக்கு பிரான்சில் உள்ள விமிக்குப் போயிருந்தேன். முதல் உலகப்போரின் பதுங்குகுழிகள் அப்படியே பாதுகாக்கப்பட்டிருக்கின்றன என்று படித்துவிட்டு ஆசையோடு போனது. போய்ப் பார்த்தால் மணல்மூட்டைகள் எல்லாம் சிமெண்ட். காலடியில் கிடந்த பலகைகூட சிமெண்ட். சுற்றிலும் பச்சைப் புல், அதில் ஆடுகள். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அத்தனை பேர் செத்த இடத்தில் ஒன்றும் தோன்றாதது உறுத்தலாகவும் இருந்தது. என் பையனோ குழிக்குள் ஒளிந்து பிடித்து விளையாட ஆரம்பித்துவிட்டான். அதட்டி அடக்கினேன். இப்படிப் பூசி மெழுகி வைப்பதற்குப் பதில் இடிந்து தூர்ந்துபோக விட்டிருக்கலாமே? அந்தப் பக்கம் நம் இந்தியச் சிப்பாய்களுக்கு ஏதாவது இடம் இருக்கிறதா?

கே., பிரஸ்ஸல்ஸ்

அன்புள்ள கே.,

பையனை அதட்டியிருக்க வேண்டாம். ஒளிந்து விளையாட அந்தக் குழி ஏன் அவ்வளவு தோதாக இருந்தது? நேராக வெட்டினால், ஒரு முனையில் புகுந்த எதிரி மறுமுனை வரை சுட்டுத் தள்ளிவிடுவான். உள்ளே ஒரு குண்டு விழுந்தால் சிதறல் குழியின் நீளத்துக்கும் பாயும். அதனால்தான் கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை மடக்கி மடக்கி வெட்டினார்கள். நீங்கள் மூட்டையைத் தட்டி ‘இது சிமெண்ட்’ என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்தபோது, அவன் பதுங்குகுழி எப்படி வேலை செய்கிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டான்.

சிமெண்ட் இன்று நேற்றுப் போட்டதல்ல. போர் முடிந்த சில ஆண்டுகளில், 1920களிலேயே போட்டது. மண்ணில் வெட்டிய குழிக்கு ஆயுள் கிடையாது. போர் நடந்தபோதே மழைக்கும் குண்டுக்கும் சரிந்துகொண்டேதான் இருந்தது. ராத்திரியானால் மண்ணை அள்ளி, மூட்டையை மாற்றி அடுக்குவது சிப்பாயின் அன்றாட வேலை. ஆகவே ‘அசல்’ குழி என்று நீங்கள் தேடுவது அன்றைக்கே வாரத்துக்கு ஒரு உருவத்தில் இருந்தது. தூர்ந்துபோக விட்டிருந்தால் இன்று உங்கள் பையன் தாண்டிக் குதிக்கிற ஆழம்கூட இருந்திருக்காது. உண்மையில் விமியில் யாரும் கைவைக்காத இடம், நீங்கள் முகம் சுளித்த ஆட்டு மேய்ச்சல்தான். புல்லுக்கடியில் இன்னமும் வெடிக்காத குண்டுகள் கிடப்பதால் இயந்திரம் விட்டு வெட்ட முடியாது, அதனால்தான் ஆடுகள். வேலிக்கு அப்பால் அலையலையாகத் தெரிந்த மேடுபள்ளம் அத்தனையும் குண்டு விழுந்த குழிகள்.

சரி, பூசிய குழியில் பார்ப்பதற்கு என்னதான் இருக்கிறது? என்னைக் கேட்டால், தூரம். விமியில் சண்டையிட்ட கனடியர்களின் வரிசைக்கும் ஜெர்மன் வரிசைக்கும் நடுவே சில இடங்களில் 25 மீட்டர்தான். கிரிக்கெட் பிட்ச்சைவிட நாலைந்து மீட்டர் கூடுதல், அவ்வளவே. எதிரி இருமினால் கேட்கும். புத்தகத்தில் 25 என்று படிக்கும்போது அது வெறும் எண். அங்கே நின்று எதிர்க் குழியைப் பார்க்கும்போது வேறு. சிமெண்ட் பூசியவர்கள் மூட்டையை மாற்றினார்கள், தூரத்தை மாற்றவில்லை.

விமியை மட்டும் பார்த்தால் இது முழுசாகப் பிடிபடாது என்பதும் உண்மை. தெற்கே சோம் பகுதியில் போமோன் ஹாமெல் இருக்கிறது. அன்றைக்குத் தனி நாடாக இருந்த நியூஃபவுண்ட்லாந்து, 1921இல் விலைக்கு வாங்கிய போர்க்களம். அங்கே சிமெண்ட் கிடையாது, குழிகளைப் புல் மூடிக்கொள்ள விட்டுவிட்டார்கள். விளிம்பெல்லாம் மழுங்கி, ஆழமும் குறைந்துபோய்விட்டது. ஆனால் சரிவு அப்படியே இருக்கிறது.

1916 ஜூலை 1. காலை 7.20க்கே பக்கத்தில் ஹாதார்ன் மேட்டின் அடியில் வைத்த வெடியை வெடித்துவிட்டார்கள். பிரிட்டிஷ் தரப்பின் தாக்குதல் 7.30க்கு. எதிரி சுதாரித்துக்கொள்ளப் பத்து நிமிடம் கொடுத்த மாதிரி. முதலில் போனவர்கள் விழுந்தார்கள். ஜெர்மானியர் விட்ட வெள்ளை வெளிச்சக் குண்டைப் பார்த்து, தங்கள் ஆட்கள் எதிரிக் குழியைப் பிடித்துவிட்டார்கள் என்று பின்னால் இருந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் நினைத்துக்கொண்டார்கள். 9.15க்கு நியூஃபவுண்ட்லாந்து படைக்கு உத்தரவு. அவர்கள் இருந்தது செயின்ட் ஜான்ஸ் ரோடு என்ற பின்வரிசைக் குழியில், முன்வரிசைக்கு 230 மீட்டர் போல பின்னால். முன்னே போகும் இணைப்புக் குழிகளில் பிணங்களும் காயம்பட்டவர்களும் அடைத்துக் கிடக்க, வெட்டவெளியில் ஏறி நடந்தார்கள். தங்கள் பக்கத்து முள்கம்பி வேலியில் வெட்டி வைத்திருந்த சந்துகள் வழியாகத்தான் போயாக வேண்டும். எதிரியின் இயந்திரத் துப்பாக்கிகள் அந்தச் சந்துகளைக் குறிவைத்துக் காத்திருந்தன. முதுகில் வேறு முக்கோணமாக வெட்டிய தகரம். வானத்திலிருந்து பார்ப்பவர்களுக்குத் தன் ஆள் எதுவரை போயிருக்கிறான் என்று தெரிவதற்காகத் தைத்தது. காயம்பட்டுத் தவழ்ந்து திரும்பியவனின் முதுகில் அது ஜூலை வெயிலில் பளபளத்து, குறிபார்க்க வசதியாகப் போனது. அரை மணிக்குள் எல்லாம் முடிந்தது. சுமார் 800 பேர் போனதில் மறுநாள் காலைக் கணக்கெடுப்புக்கு நின்றவர்கள் 68. நியூஃபவுண்ட்லாந்து பிற்பாடு, 1949இல்தான் கனடாவோடு சேர்ந்தது. ஜூலை 1 கனடா முழுவதற்கும் தேசிய தினம். நியூஃபவுண்ட்லாந்தில் மட்டும் அது நினைவு நாளும்கூட.

இதைப் பார்த்துவிட்டு விமியில் நீங்கள் போன கிரேஞ்ச் சுரங்கத்தை யோசியுங்கள். (வழிகாட்டிப் பெண் கூட்டிப்போயிருப்பாரே, கனடாவிலிருந்து வரும் கல்லூரி மாணவர்கள்தான் அங்கே வழிகாட்டிகள்.) சுமார் 800 மீட்டர் நீளம். பின்வரிசையிலிருந்து முன்வரிசை வரை மண்ணுக்கடியிலேயே ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கத் தோண்டியது. கனடியர்கள் விமியைத் தாக்கியது 1917 ஏப்ரல் 9, அதாவது போமோன் ஹாமெலுக்கு ஒன்பது மாதம் கழித்து. வெட்டவெளியில் 230 மீட்டர் நடக்கவிட்டால் என்ன ஆகும் என்பது அதற்குள் தெரிந்திருந்தது. அப்படியும் நாலு நாளில் 3,598 கனடியர்கள் செத்தார்கள்.

போமோன் ஹாமெல் போனால், எல்லோரையும் போல நேராக, நியூஃபவுண்ட்லாந்து படையின் சின்னமான காரிபூ மான் சிலை மேட்டில் ஏறி போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். செயின்ட் ஜான்ஸ் ரோடிலிருந்து ஆரம்பித்து, சிப்பாய்கள் ‘அபாய மரம்’ என்று பேர் வைத்த மரம் வரை கீழே நடங்கள். இப்போது நிற்பது நகல் மரம்தான், உங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அன்று நடந்தவர்களில் பலரும் அந்த இடத்தைத் தாண்டவில்லை. அங்கே நின்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள், மறைய ஒரு புதர்கூட இல்லாத சரிவு அது.

அப்புறம், இந்தியர்கள். விமிக்கு வடக்கே 30 கிலோமீட்டர் அளவில் நெவ் ஷாப்பேல் என்ற ஊர். 1915 மார்ச் 10 முதல் 13 வரை நடந்த சண்டையில் பிரிட்டிஷ் தரப்பில் இறங்கிய படையில் ஏறக்குறையப் பாதி இந்தியர்கள். 1927இல் திறந்த நினைவகத்தின் வட்டச் சுவரில், கல்லறை இல்லாமல் போன 4,700க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் இருக்கின்றன. இரண்டு பக்கமும் புலிகள் காவலிருக்கும் ஒரு தூண். ஆனால் நினைவகத்துக்குள் பதுங்குகுழி ஏதும் இல்லை, வெளியே வந்தால் தட்டையான வயல். எதிரி எங்கே இருந்தான், எவ்வளவு தூரம் ஓடினார்கள் என்று கேட்டால் பெயர்ப்பலகையால் சொல்ல முடியாது. எனக்கு அது பெரிய குறை. கொஞ்சம் சிமெண்ட் பூசியாவது ஒரு துண்டு குழியை வைத்திருக்கலாம் என்று தோன்றியது. ஆனாலும் போய்வாருங்கள், பிரஸ்ஸல்ஸ் திரும்பும் வழியிலிருந்து அதிகம் விலக வேண்டியிருக்காது.