வீட்டில் நோயாளியைக் கவனிக்காமல் விட்ட ஏஜென்சி: வழக்கு நிற்குமா?

கேள்வி: பக்கவாதத்தில் படுத்துவிட்ட அப்பாவுக்கு ஹோம் கேர் ஏஜென்சி மூலம் 24 மணி நேர ஆள் வைத்தோம். மாதம் 30,000 ரூபாய், முன்பணம் 15,000. ‘பயிற்சி பெற்ற நர்ஸ்’ என்றார்கள். ஐந்தாவது வாரமே முதுகின் அடியில் ஆழமான படுக்கைப்புண் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். “ஆள் அனுப்புவது மட்டும்தான் எங்கள் பொறுப்பு, முன்பணம் திரும்பாது” என்கிறார்கள். என்ன செய்யலாம்?
- வாசகர், சென்னை

பதில்: நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் மாதாமாதம் பணம் யார் கைக்குப் போனது என்று முதலில் பாருங்கள். ஏஜென்சியின் கணக்கில் கட்டி, லீவுக்கு மாற்று ஆளையும் அவர்களே அனுப்பியிருந்தால், அது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 சொல்லும் ‘சேவை’. ‘ஆள் அனுப்புவது மட்டும்’ என்ற பேச்சு அங்கே எடுபடுவது கடினம். ஒருமுறை கமிஷன் கொடுத்துவிட்டு, சம்பளத்தை அந்த ஆளிடம் நீங்களே கொடுத்திருந்தால் வழக்கு பலவீனம்தான். அவர் உங்கள் வேலையாள் என்று வாதாடுவார்கள், தனிப்பட்ட பணி ஒப்பந்தத்தை இந்தச் சட்டம் சேவையாகக் கணக்கில் எடுப்பதில்லை. அப்போதும், நர்ஸ் என்று பொய் சொல்லியிருந்தால் ஏஜென்சியைச் சும்மா விட வேண்டாம். பதிவு எண்ணைக் கேட்டு, தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் சரிபாருங்கள்.

இத்தகைய வழக்குகள் சறுக்குவது புண் எப்போது வந்தது என்ற கேள்வியில். “ஆஸ்பத்திரியிலிருந்தே புண்ணோடுதான் வந்தார்” என்பார்கள். முந்தைய டிஸ்சார்ஜ் சம்மரியையும், அந்த ஆஸ்பத்திரியின் நர்சிங் குறிப்புகளின் நகலையும் வாங்கிவிடுங்கள். இப்போது சேர்த்த இடத்தில் புண்ணின் ஸ்டேஜ் (எவ்வளவு முற்றியது), நீள அகலம், ஆழம் எல்லாவற்றையும் அட்மிஷன் குறிப்பிலேயே எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் ஸ்கேல் வைத்து, தேதியோடு படம் எடுங்கள். அசைய முடியாதவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். அதற்கான சார்ட் வீட்டில் இருந்தால் அந்த ஆள் கிளம்பும் முன் வாங்கி வையுங்கள். பத்து நாள் டிக்கும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருந்தால் அது ஒரே மூச்சில் போட்டது என்று எடுத்துக்காட்டலாம். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். அச்செடுத்துத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவு கேட்கும் மின்னணு ஆவணத்துக்கான சான்றும் வேண்டும்.

பிறகு பதிவுத் தபாலில் 15 நாள் கெடு வைத்து நோட்டீஸ். பதில் வராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே மனு போடலாம், நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். சேவைக்குக் கட்டிய தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. அப்பா பயனாளி, பணம் கட்டியவர் நீங்கள். இருவர் பெயரையும் மனுதாரராகப் போடுங்கள். ஆஸ்பத்திரிச் செலவு, கட்டிய பணம், மன உளைச்சலுக்கான இழப்பீடு மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

முன்பணத்துக்கு ஒரு யோசனை. ‘திரும்பாது’ என்ற நிபந்தனையே நியாயமற்ற ஒப்பந்தம் என்று வாதாடினால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டியிருக்கும். 15,000 ரூபாய்க்கு அந்த அலைச்சல் வேண்டாம். குறைபாடான சேவைக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறைதான். ரசீதில் வேறு கெடு இல்லையென்றால் திருப்பித் தர 30 நாள் கணக்கு. அந்த வழியில் மாவட்ட ஆணையத்திலேயே கேளுங்கள்.

போலீஸ் புகாருக்கும் இடமுண்டு. தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நோயாளியைக் கவனிப்பதாக ஒப்பந்தம் செய்துவிட்டு வேண்டுமென்றே கைவிட்டால், பாரதிய நியாய சன்ஹிதா 357-ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் இதை விசாரிக்க முடியாது. அதனால் மனு ரசீதோடு திருப்பி அனுப்பினால் சோர்ந்துவிடாதீர்கள். மாற்றுத்திறனாளிக்குத் தெரிந்தே சாப்பாடோ தண்ணீரோ கொடுக்காமல் விட்டிருந்தால் விஷயம் கடுமை: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 92-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை.

கேள்வி: இதேபோன்ற புகாரில், முன்பணத்தைத் தருகிறோம், ஒரு தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். போடலாமா?
- வாசகி, மதுரை

பதில்: படிக்காமல் போடாதீர்கள். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரி இருந்தால் அடித்துவிட்டு, ‘முன்பணம் மட்டும் பெற்றுக்கொண்டேன், மற்ற இழப்பீட்டு உரிமை நிலுவையில் உள்ளது’ என்று உங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள். அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லையென்றால் பணத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள், தாளே தேவையில்லை.