யூஆர்எல் ரீரைட் செய்ததும் கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளது காணாமல் போவது ஏன்?

அழகான முகவரி வைத்த பிறகு, பின்னால் வந்த தேதியும் ஆள் எண்ணிக்கையும் தொலைகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த சர்வர் என்று சொல்லாததால் அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் என்ற இரண்டு வெப் சர்வர்களுக்கும் சொல்கிறேன்.

கும்பகோணத்தில் நவகிரகக் கோயில்களுக்கு வண்டி விடும் ஒருவரின் தளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். அங்கே 'கோயில்/ஆலங்குடி' என்று வருவதை உள்ளுக்குள் 'இண்டெக்ஸ்.பிஎச்பி?கோயில்=ஆலங்குடி' என்று மாற்றுகிறோம்; இதுதான் ரீரைட். குரு தலம் என்பதால் பலர் '?நாள்=வியாழன்&ஆட்கள்=4' என்ற வாலோடுதான் வருவார்கள் (கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதையே வால் என்கிறேன்). மாற்று முகவரியில் நீங்கள் கேள்விக்குறி போடாதவரை அப்பாச்சி பழைய வாலை அப்படியே கொண்டுவந்துவிடும். நீங்களாக ஒரு கேள்விக்குறி போட்டால் பழையதை விட்டுவிடும். உங்களுக்கும் அநேகமாக இதுதான் நடந்திருக்கும். முகவரியை மாற்றும் ரீரைட்ரூல் வரியின் கடைசியில், பழைய வாலையும் சேர்க்கச் சொல்லும் [கியூஎஸ்ஏ] குறியைச் சேருங்கள், இரண்டும் சேர்ந்து வரும்.

சேர்ந்து வரும் வரிசையைக் கொஞ்சம் கவனியுங்கள். விதி போட்டது முதலில், பயனர் அனுப்பியது அதற்குப் பின்னால். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் பிஎச்பி கடைசியில் உள்ளதைத்தான் எடுக்கும். யாராவது 'கோயில்/ஆலங்குடி?கோயில்=திருநள்ளாறு' என்று அடித்தால் திறப்பது திருநள்ளாறு பக்கம். கோயில் பக்கம் மாறினால் போகட்டும். அதே இடத்தில் முன்பதிவு எண் இருந்தால் அடுத்தவர் விவரம் வெளியே வந்துவிடும். பார்க்க உரிமை உள்ளவரா என்பதை நிரலுக்குள் கட்டாயம் சோதியுங்கள். ரீரைட் விதி அந்தப் பாதுகாப்பைத் தராது.

என்ஜின்எக்ஸில் ரீரைட் கட்டளை வாலைத் தானாகவே ஒட்டும்; வேண்டாம் என்றால் மாற்று முகவரியின் முடிவில் ஒரு கேள்விக்குறி போட வேண்டும். ஆனால் பயனரை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் ரிட்டர்ன் கட்டளை ஒட்டாது. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். முகவரியின் கடைசியில் $இஸ்_ஆர்க்ஸ்$ஆர்க்ஸ் என்று நீங்களே சேர்க்க வேண்டும். முதல் மாறி, வால் இருந்தால் மட்டும் கேள்விக்குறியைத் தரும். கேட்ட கோப்பு இருக்கிறதா என்று தேடும் டிரை_ஃபைல்ஸ் கட்டளை கடைசியில் இண்டெக்ஸ்.பிஎச்பிக்கு அனுப்பினால் அங்கும் ?$ஆர்க்ஸ் தேவை.

அப்புறம், அப்பாச்சியில் ரீரைட்ரூலின் பேட்டர்ன் (எந்த முகவரி என்று பொருத்திப் பார்க்கும் பகுதி) கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்கவே பார்க்காது. அதைச் சோதிக்க, நிபந்தனை போடும் ரீரைட்கான்ட் வரியில் குவெரி_ஸ்ட்ரிங் மாறியைப் பயன்படுத்துங்கள்.

வெளியே திருப்பிவிடும் விதி என்றால் முதலில் 302 (தற்காலிகத் திருப்பம்) வைத்துப் பாருங்கள். நிரந்தரத் திருப்பமான 301-ஐ பிரவுசர் நினைவில் வைத்துக்கொள்வதால் விதியைத் திருத்திய பிறகும் பழைய இடத்துக்கே போகும். கர்ல் கட்டளையில் ஹெடரை (சர்வர் பதிலின் தலைப்பு வரிகளை) மட்டும் கேட்டு, லொகேஷன் வரியில் உங்கள் நாளும் ஆட்களும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு 301-க்கு மாறுங்கள்.