கட்டணத்தை ரத்து செய்த நாடுகளில்கூட ஏழைப் பிள்ளைகள் பள்ளியிலிருந்து இடைநிற்பது ஏன்?

ஏழை வீட்டுக்குப் பள்ளி வைக்கும் செலவுகளில் கட்டணமும் ஒன்று, அவ்வளவுதான். மற்றவை எவை, எதைச் சரிசெய்தால் எது மாறும் என்பதற்குக் கென்யாவை எடுத்துக்கொள்கிறேன். இவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதித்துப் பார்த்த நாடு அது.

2003 ஜனவரியில் அதிபர் கிபாகியின் அரசு தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை நீக்கியது. சேர்க்கை ஒரே ஆண்டில் சுமார் 59 லட்சத்திலிருந்து 72 லட்சத்துக்கு ஏறியது. கட்டணத்துக்கு ஈடாக, பிள்ளைக்கு ஆண்டுக்கு 1,020 ஷில்லிங் அரசிடமிருந்து பள்ளிக்கு வந்தது. ஆசிரியர்கள் அந்த வேகத்தில் வரவில்லை. மேற்குக் கென்யாவில் ஆய்வுக்கு எடுத்த பள்ளிகளில், 2005இல் ஒன்றாம் வகுப்பில் சராசரியாக 80 பேருக்கு மேல். பாலர் பள்ளி முடித்த பிள்ளையும் புத்தகத்தையே தொட்டிராத பிள்ளையும் ஒரே பெஞ்சில். கூடுதலாக ஓர் ஆசிரியரைப் போட்டு, பிள்ளைகளின் அப்போதைய நிலையைப் பார்த்து வகுப்பை இரண்டாகப் பிரித்த பள்ளிகளில் இரு பிரிவினரும் முன்னேறினார்கள். பின்தங்கிய பிள்ளைகளை ஒதுக்கிவிடுவார்களே என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் அங்கே நடந்தது வேறு: ஆசிரியர் அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்க முடிந்தது.

இலவசப் பாடநூலும் எல்லோருக்கும் பயன்பட்டுவிடவில்லை. 1990களில் மேற்குக் கென்யாவின் புசியா வட்டாரத்தில் நூல்கள் கொடுத்துப் பார்த்தபோது, ஏற்கெனவே நன்றாகப் படித்தவர்களின் மதிப்பெண்தான் கூடியது. நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அந்தப் பிள்ளைகளில் பலருக்கு வீட்டு மொழிக்கும் சுவாஹிலிக்கும் பிறகு ஆங்கிலம் மூன்றாவது மொழி. வாசிக்கத் தெரியாத நூலை இலவசமாகக் கொடுத்து என்ன பயன்?

குடற்புழுவின் கதை வேறு. அதே புசியாவில் 1998 முதல் 75 பள்ளிகளில் படிப்படியாகப் புழு மாத்திரை கொடுத்தார்கள். பள்ளிக்கு வராமை ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. தேர்வு மதிப்பெண் உயரவில்லை. இதைச் சொல்லாமல் மாத்திரையை மட்டும் புகழ்வது தவறு. பின்னால் நடந்த மறு ஆய்வில், தொலைவிலுள்ள பள்ளிகளுக்கும் பலன் பரவியது என்று முதல் ஆய்வு சொன்ன பகுதி வலுவிழந்தது. மாத்திரை கொடுத்த பள்ளிகளில் வருகை கூடியது என்பது நின்றது.

செயலில் கவனிக்க வேண்டியவை இவை. கொக்கிப்புழு வெறும் காலின் தோல் வழியே ஏறுகிறது. கழிப்பறை இல்லாத ஊரில் சில மாதங்களில் திரும்பவும் தொற்றும். அதனால் அல்பெண்டசோல் என்ற புழு மாத்திரையை (400 மில்லிகிராம்) ஒருமுறை கொடுத்துவிட்டு விடக்கூடாது; தொற்று மிகுந்த இடத்தில் ஆண்டுக்கு இரண்டு முறை வேண்டும். விக்டோரியா ஏரிக் கரையில் நத்தை வழியாகப் பரவும் புழுவும் உண்டு. அதற்கு அல்பெண்டசோல் போதாது, பிராசிகுவாண்டல் என்ற வேறு மாத்திரைதான் தேவை. அதை எடைக்கேற்பக் கொடுக்க வேண்டும். பள்ளியில் எடை இயந்திரம் இல்லாவிட்டால் உயரம் அளக்கும் கோலை வைத்து அளவு தீர்மானிப்பார்கள்.

சீருடை சிறிய செலவாகத் தெரியும். ஆனால் அது இல்லாமல் போனால் பிள்ளைக்கு வகுப்பில் கூனிக் குறுக வேண்டியிருக்கும், சில பள்ளிகளில் திருப்பி அனுப்பவும் செய்வார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை கொடுத்த பள்ளிகளில் இடைநிற்றலும் குறைந்தது, பெண் பிள்ளைகளின் பதின்வயதுத் திருமணமும் குறைந்தது. என்னைப் பொறுத்தவரை இந்தப் பட்டியலில் பலரும் குறைத்து மதிப்பிடும் உதவி இதுதான்.

அடுத்த தடை காகிதம். அரசு மானியம் இப்போது கணினிப் பதிவேட்டின்படி போகிறது. அதில் பெயர் ஏறப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். கால்நடையோடு இடம்பெயரும் வடக்கு மாவட்டங்களில் பல பிள்ளைகளுக்கு அது கிடையாது. பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கும், அதற்கான பணம் மட்டும் பள்ளிக்கு வராது. அந்தப் பற்றாக்குறை பெற்றோரிடம் தேர்வுக் கட்டணம், காவலர் சம்பளம் என்று வேறு பெயரில் வசூலாகும்.

எனவே ஒரு பள்ளிக்கு உதவ நினைப்பவர்கள், பொருள் வாங்கும் முன் வருகைப் பதிவேட்டைக் கேளுங்கள். பலர் இடையிடையே வராமல் இருக்கிறார்களா, அடியோடு நின்றுவிட்டார்களா? முதலாவது என்றால் நோய், பசி, வீட்டு வேலை ஆகியவற்றைத் தேடுங்கள். இரண்டாவது என்றால் எந்த வகுப்பில் நிற்கிறார்கள் என்று பாருங்கள். அந்தப் பள்ளியின் கடைசி வகுப்புக்குப் பிறகு என்றால் மாத்திரையும் சீருடையும் உதவாது. அடுத்த பள்ளியின் விடுதிச் செலவுதான் காரணமாக இருக்கும்.