வறுமையும் பதிவேடும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

திருமங்கலம் பக்கத்துக் கிராமம் எனக்கு. மதுரையில் சமூகவியல் முதுகலை படிக்கிறேன். குற்றம் ஏன் நடக்கிறது என்பதுதான் என் ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பு. துர்கைம், மெர்ட்டன், ஹோவர்ட் பெக்கர் என்ற சமூகவியலாளர்கள் மூவரையும் வாசித்தேன். யாருடைய விளக்கம் நம் ஊருக்குப் பொருந்தும்? மூன்றாம் அத்தியாயத்துக்கு 'வறுமையே குற்றத்தின் தாய்' என்று பெயர் வைத்திருக்கிறேன். இளைஞர்கள் கெட்டுப்போவதற்கு சினிமாவும் ஒரு காரணம்தானே?

பி.கு.: என் தாத்தாவின் அப்பா ரேகை வைத்தவர் என்று வீட்டில் ஒருமுறை பேச்சு வந்தது. அப்பா உடனே பேச்சை மாற்றிவிட்டார். கட்டுரைக்குத் தொடர்பில்லை, சொல்லத் தோன்றியது.

க.

அன்புள்ள க.,

சினிமாவை விட்டுவிடுங்கள். என் அப்பா காலத்தில் கூத்தையும் நாடகத்தையும் இதே வாயால்தான் திட்டினார்கள். துர்கைமிலும் அதிக நேரம் நிற்க வேண்டியதில்லை. குற்றமே இல்லாத சமூகம் கிடையாது, துறவிகள் மட்டும் வாழும் மடத்திலும் அற்பத் தவறு ஒன்று பெருங்குற்றமாகிவிடும் என்று 1895இல் எழுதினார். சரி என்று சொல்லிவிட்டு மேலே போகலாம்.

என்னால் தாண்ட முடியாதது உங்கள் மூன்றாம் அத்தியாயம். சித்திரைத் திருவிழாவை முன்னிட்டுப் பழைய குற்றவாளிகளை முன்னெச்சரிக்கையாகப் பிடித்து வைத்திருப்பதாகச் செய்தித்தாளில் நாலு வரி வாசித்ததிலிருந்து மனம் இதிலேயே கிடக்கிறது. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம்.

வறுமையே குற்றத்தின் தாய்! யார் சொல்லிக்கொடுத்தார்கள் இதை? மெர்ட்டன் சொல்லவில்லை. வறுமை மட்டும் குற்றத்தைப் பெருக்கிவிடாது என்று 1938ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே தெளிவாக எழுதியிருக்கிறார். பணம்தான் வாழ்க்கை என்று எல்லோர் காதிலும் ஓதிவிட்டு, அதைச் சம்பாதிக்கும் நேர்வழியைப் பாதிப் பேருக்கு அடைத்துவைத்தால் சிலர் குறுக்குவழி தேடுவார்கள் என்பது அவர் வாதம். அதை நீங்கள் 'ஏழை திருடுவான்' என்று சுருக்கிவிட்டீர்கள். நீங்கள் வாசித்தது மெர்ட்டனை அல்ல, மெர்ட்டன் பற்றிய தேர்வு நோட்ஸை. கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் வயதில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் மழை பொய்த்த வருடங்களில் உங்கள் பக்கத்து ஜனங்கள் என்ன செய்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? ஆடு மாட்டை விற்றார்கள், நகையை அடகு வைத்தார்கள், கண் காணாத ஊருக்குப் போய்க் கூலி வேலை செய்தார்கள். அத்தனை பேரையும் ஒரு தலைப்பில் அவமானப்படுத்தலாமா?

நீங்கள் வாசிக்காமல் விட்டவர் அமெரிக்கக் குற்றவியலாளர் எட்வின் சதர்லண்ட். ஏழைகள்தான் அதிகம் குற்றம் செய்கிறார்கள் என்ற கணக்கு போலீஸும் நீதிமன்றமும் வைத்திருக்கும் பதிவேட்டிலிருந்து வருகிறது, கோட்டுப் போட்டவனின் குற்றம் அந்தப் பதிவேட்டுக்கே வராது என்று 1939இல் சமூகவியலாளர்கள் கூடிய சபையில் பேசினார். சொன்னதோடு நிற்காமல் 70 பெரிய அமெரிக்க நிறுவனங்களை எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு எதிராக வந்த 980 தீர்ப்புகளையும் உத்தரவுகளையும் தொகுத்தார். 1949இல் புத்தகம் வந்தபோது, வழக்குக்குப் பயந்து பதிப்பகத்தார் நிறுவனங்களின் பெயர்களை எடுத்துவிட வைத்தார்கள். அடுத்த வருடமே அவர் இறந்துபோனார். பெயர்களோடு முழுப் பிரதி அச்சானது 1983இல்.

நம் ஊருக்கு வாருங்கள். மேலூர் பக்கம் கிரானைட்டுக்காக மலைகள் அறுக்கப்பட்டதை விசாரித்து, அரசுக்கு ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்த சகாயம் 2015இல் உயர் நீதிமன்றத்தில் அறிக்கை கொடுத்தார். கீழவளவுப் பாறையைப் பசி தாங்காமல் யாரும் அறுத்துத் தின்றார்களா?

செல்லூரில் எங்கள் தெருவில் தறிக்கூடங்களுக்கு நூல் மூட்டை சுமக்கும் ஒருவர் இருந்தார். மீசை முளைத்த வயதில் ஒரு சைக்கிளைத் திருடி மாட்டிக்கொண்டவர். அதோடு சரி. ஆனால் பெயர் ஸ்டேஷனில் ஏறிவிட்டது. எங்கே பூட்டு உடைந்தாலும் முதலில் அவர் வீட்டுக்குத்தான் வருவார்கள். நூற்றுப்பத்து கேஸ் என்று தெருவே சொல்லும்; பழைய குற்றவாளி என்று நன்னடத்தைப் பிணை கேட்கும் சட்டப் பிரிவின் எண் அது. அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முன்னால் மஞ்சள் பையில் ஒரு கைலி, துண்டு, பல்பொடிப் பொட்டலம் எடுத்து வைத்துக்கொண்டு அவரே திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுவார். ராத்திரியில் வந்து கதவைத் தட்டினால் பெண் பிள்ளைகள் பயந்துவிடுகிறார்கள் என்பார். வைகை எங்களுக்குக் கூப்பிடு தூரம். அழகர் என்ன பட்டு உடுத்தி வந்தார் என்று பிள்ளைகள் பார்த்துவந்து பிறகு அவருக்குச் சொல்லும். அதே தெருவில் ஏலச்சீட்டு நடத்திப் பாதித் தெருவின் பணத்தை விழுங்கிய இன்னொருவர் இருந்தார். அவர் அந்த நாளில் நீர்மோர்ப் பந்தல் போடுவார். திறந்துவைக்க ஸ்டேஷனிலிருந்துதான் ஆள் வரும்.

உங்கள் அட்டவணையில் முதல் ஆள் இருப்பார், இரண்டாம் ஆள் இருக்கமாட்டார். பிறகு அதைப் பார்த்து வறுமை என்று தலைப்பு வைப்பீர்கள்.

நீங்கள் கேட்டதற்கு, பெக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமூக நெறியிலிருந்து விலகல் என்பது செயலில் இல்லை, அதற்கு முத்திரை குத்துகிறவர்களின் கையில் இருக்கிறது என்று 1963இல் அவர் எழுதினார். உசிலம்பட்டிச் சீமைக்கு அது பழைய செய்தி. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்டது. ஒரு தவறும் செய்யாதவனும் பிறமலைக் கள்ளராகப் பிறந்ததற்காகவே பத்து விரலையும் மையில் தோய்த்து ரேகை வைக்க வேண்டும். அதற்கு மறுத்ததற்காகத்தான் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் மாயாக்காள் உள்ளிட்டவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். 1947இல்தான் சட்டத்தை இங்கே நீக்கினார்கள்.

இவ்வளவும் உங்கள் வீட்டுக்குள் இருக்கிறது. அதைப் பி.கு.வில் போட்டுவிட்டுக் கட்டுரைக்குத் தொடர்பில்லை என்கிறீர்கள்! படித்த பிள்ளை எழுதுகிற எழுத்தா அது, அம்மா? அப்பாவை நெருக்காதீர்கள், அவர் பேச்சை மாற்றியதற்குக் காரணம் இருக்கும். ஊரில் எண்பது தாண்டிய அப்பத்தா யாராவது இருப்பார். பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக் கொடுங்கள், ரேகை வைத்தவர்களை ராத்திரியில் போலீஸ் காவலில் படுக்கவைத்த அந்தக் காலத்தில் ஆண்பிள்ளைகளெல்லாம் எங்கே போய்ப் படுத்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். ரெக்கார்டரை வெளியே எடுக்காதீர்கள். பிறகு எழுதி எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து வாசிக்கிறேன். மூன்றாம் அத்தியாயத்தை அனுப்பவேண்டாம்.