வணிகம் படிப்பவர்களுக்கு ‘சட்டத்தின் மூலங்கள்’ என்று தனி யூனிட் எதற்கு?

கேட்டவர் பி.பி.ஏ. முதலாண்டு என்கிறார். ஒப்பந்தச் சட்டமும் கம்பெனிச் சட்டமும் படித்தால் போதாதா, சட்டம் எங்கிருந்து வருகிறது, வழக்காறு (காலங்காலமாக இருந்துவரும் வழக்கம்), முன்தீர்ப்பு (பின்னால் வரும் வழக்குகளுக்கு வழிகாட்டும் பழைய தீர்ப்பு) என்பதையெல்லாம் கடை வைக்கப் போகிறவன் எதற்கு மனப்பாடம் செய்ய வேண்டும் என்கிறார். அநேகமாக நாளைக்கு இன்டர்னல் தேர்வு இருக்கும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வக்கீல் இல்லை. ஈரோட்டில் பெட்ஷீட், துண்டு மொத்த வியாபாரம். பி.காம் படித்தபோது இந்த யூனிட்டை சாய்ஸில் விட்டவன்.

2013 கடைசியில் இந்தூர் பார்ட்டி ஒருவர் கொடுத்த செக் பணமில்லை என்று திரும்பி வந்தது. நாலு லட்சத்து அறுபதாயிரம். ரிட்டர்ன் மெமோ (செக் திரும்பியது என்று வங்கி தரும் சீட்டு) வந்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ், அவர்களுக்கு 15 நாள் அவகாசம், அப்புறம் ஒரு மாதத்துக்குள் வழக்கு. எல்லாம் கெடு தப்பாமல் ஈரோடு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் போட்டாயிற்று. சம்மன் போனது, ஆள் வரவில்லை, வாய்தா மேல் வாய்தா.

2014 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. தசரத் ரூப்சிங் ராத்தோட் வழக்கு என்பார்கள். செக் எந்த வங்கிக் கிளையின் மேல் எழுதப்பட்டதோ, அதாவது கொடுத்தவரின் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறதோ, அந்த ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்றது. கொஞ்ச நாளில் என் மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 30 நாளுக்குள் இந்தூரில் போட்டால்தான் கெடுவுக்குள் போட்டதாகக் கணக்கு.

இங்கேதான் என் முட்டாள்தனம். வக்கீலிடம் சண்டைக்குப் போனேன். “அதே 1881ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டம், அதே 138ஆம் பிரிவு, ஒரு எழுத்துகூட மாறவில்லை. போன மாதம் ஈரோட்டில் செல்லும், இந்த மாதம் செல்லாதா? ஃபீஸ் வாங்கத்தானே இந்த நாடகம்?” மனுஷன் பாவம், “சார், ஆர்ட்டிகிள் 141” என்றார். எனக்குப் புரியவில்லை, கோபம்தான் ஏறியது. வேறு வக்கீலைத் தேடி அலைந்ததில் முப்பது நாளில் பதினோரு நாள் போயிற்று.

நடந்தது இதுதான். பணமில்லாமல் செக் திரும்புவதைக் குற்றம் என்று சொல்வது 138ஆம் பிரிவு; எந்த ஊர் கோர்ட்டில் போடலாம் என்று அதில் இல்லை. அந்த இடைவெளியை 1999இல் இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு நிரப்பியிருந்தது: செக் எழுதிய ஊர், வங்கியில் போட்ட ஊர், நோட்டீஸ் அனுப்பிய ஊர் என்று ஐந்து வழி, எதில் வேண்டுமானாலும் போடலாம். 2014இல் மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து அதை மாற்றினார்கள். உச்ச நீதிமன்றம் சொல்லும் சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்பதுதான் அரசியலமைப்பின் 141ஆவது பிரிவு. புத்தகத்தில் அச்சடித்ததுதான் சட்டம் என்று நம்பிக்கொண்டிருந்தவனுக்கு இது எப்படிப் புரியும்?

சரி, இரண்டு ராத்திரி ரயிலில் போய் இந்தூரில் போட்டேன். இந்தி தெரியாது. வாய்தாவுக்கு வாய்தா லாட்ஜ் வாடகை வேறு.

கதை முடியவில்லை. 2015 ஜூனில் அவசரச் சட்டம் வந்தது. நாடாளுமன்றம் கூடாதபோது குடியரசுத் தலைவர் பிறப்பிப்பாரே, அது. பணம் வாங்குகிறவரின் கணக்கு உள்ள கிளை எங்கேயோ, அந்த ஊரில்தான் வழக்கு என்று மாற்றினார்கள். ஆண்டுக் கடைசியில் நாடாளுமன்றமும் அதைத் திருத்தச் சட்டமாக்கியது. என் கணக்கு ஈரோட்டில். வழக்குக் கட்டு மறுபடி ஈரோட்டுக்கே வந்தது. 2016இல் மூன்று லட்சத்துக்கு சமாதானமாகப் போனேன்.

எண்ணிப் பாருங்கள், ஒரே செக்கில் சட்டம், முன்தீர்ப்பு, அவசரச் சட்டம், திருத்தச் சட்டம் எல்லாம் வந்துவிட்டன. வழக்காறு எங்கே என்று கேட்பீர்கள். இதே மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் முதல் பிரிவைப் பாருங்கள், நம் நாட்டு மொழிகளில் எழுதிய உண்டியல் (ஹூண்டி, பணம் கொடுக்கச் சொல்லி வியாபாரிகள் எழுதும் சீட்டு) போன்றவற்றுக்கு அந்தந்த ஊர் வழக்கத்தை இந்தச் சட்டம் தொடாது என்று இருக்கிறது. ஒப்பந்தச் சட்டம் 1872இலும், தனக்கு முரணில்லாத வணிக வழக்கங்களுக்குக் கை வைக்க மாட்டேன் என்று முதல் பிரிவிலேயே உண்டு.

“இதெல்லாம் வக்கீல் பார்க்க வேண்டியது” என்று யாராவது கமெண்ட் போடுவார்கள். வக்கீல் பார்த்தார் ஐயா. அவர் சொன்னது எனக்குப் புரியாததுதான் பிரச்சினை. யூனிட்டைப் படித்திருந்தால் பணம் முழுசாக வந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பதினோரு நாள் மிஞ்சியிருக்கும், ஒரு நல்ல மனுஷனைப் பகைத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

     

இன்டர்னலில் இந்த செக் கதையை உதாரணமாக எழுதுங்கள். பார்ட்டி பெயரை மட்டும் கமெண்டில் கேட்காதீர்கள்.