காலாவதியான டொமைன் ஏலத்தில் போய்விட்டது, திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: பல ஆண்டுகளாக என் தொழில் பெயரில் வைத்திருந்த டாட்காம் டொமைனைப் புதுப்பிக்கத் தவறிவிட்டேன். பதிவு நிறுவனம் அதை ஏலம் விட்டுவிட்டது. ஏலத்தில் எடுத்தவர் இப்போது பெரும் தொகை கேட்கிறார். இது நியாயமா? மீட்க வழி உண்டா?

பதில்: டொமைன் உங்கள் சொத்து போலத் தோன்றும். ஒப்பந்தப்படி அது குறிப்பிட்ட காலத்துக்குப் பயன்படுத்தும் உரிமை மட்டுமே. காலம் முடிந்தபின் இன்னொருவருக்குப் போவதில் தவறில்லை. போன விதம் முறையானதா என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் அமைப்பான ஐகானின் விதிப்படி, காலாவதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும், காலாவதியான 5 நாட்களுக்குள் இன்னொரு முறையும் உங்களுக்கு அறிவிப்பு வந்திருக்க வேண்டும். எந்த முகவரிக்கு, எந்தத் தேதியில் அனுப்பினார்கள் என்று எழுத்துமூலம் கேளுங்கள். பலர் அதே டொமைனில் உள்ள மின்னஞ்சலையே தொடர்புக்குக் கொடுத்திருப்பார்கள். டொமைன் முடங்கினால் கடைசி அறிவிப்பும் கைக்கு வராது.

அப்புறம், இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கக்கூடிய பதிவு விவரத்தில் டொமைன் உருவாக்கப்பட்ட தேதியைப் பாருங்கள். புதிய தேதி என்றால், பழைய பதிவு நீக்கப்பட்டு, முன்பு வைத்திருந்தவர் கட்டணம் கட்டித் திரும்பப் பெறக்கூடிய 30 நாள் மீட்புக் காலமும், யாரும் மீட்க முடியாத அடுத்த 5 நாட்களும் கழிந்து பொதுவில் வந்திருக்கிறது. பழைய தேதியே இருந்தால், நீக்காமலேயே கைமாற்றியிருக்கிறார்கள். அந்த 30 நாள் உங்களுக்குக் கிடைக்கவே இல்லை. பெரும்பாலான ஒப்பந்தங்கள் இதற்கு இடம் தருகின்றன. ஆனாலும் என் பார்வையில் இது அநியாயம்தான். ஏலம் என்ற முறையை நான் குறை சொல்லவில்லை. முந்துபவருக்கே பெயர் என்று விட்டால், நொடியில் பிடிக்கும் மென்பொருள் வைத்திருப்பவர்தான் ஜெயிப்பார். ஆனால் மீட்புக் காலம் முழுதும் முடிந்தபின் ஏலம் விடட்டும், கிடைக்கும் பணத்தில் முன்பு வைத்திருந்தவருக்கும் ஒரு பங்கு தரட்டும்.

வாங்கியவர்மேல், நீதிமன்றம் போகாமல் டொமைன் தகராறுகளைத் தீர்க்கும் ஐகானின் யூடிஆர்பி நடைமுறையில் புகார் செய்யலாம். அந்தப் பெயரில் உங்களுக்கு டிரேட்மார்க் உரிமை இருப்பதையும், அவருக்கு நியாயமான உரிமை இல்லாததையும், கெட்ட எண்ணத்துடன் பதிந்து பயன்படுத்துவதையும் நீங்கள் நிரூபிக்க வேண்டும். டிரேட்மார்க்கைப் பதியாவிட்டாலும் பரவாயில்லை, நீண்டகாலப் பயன்பாட்டால் அந்தப் பெயர் உங்கள் தொழிலின் அடையாளமாகிவிட்டது என்பதற்கு ஆதாரம் வேண்டும். ஆனால் அதிக விலை கேட்பது மட்டும் கெட்ட எண்ணத்துக்குச் சான்றாகாது. உங்களைக் குறிவைத்தே வாங்கினார் என்று தெரிய வேண்டும். பெயர் பொதுவான சொல்லாக இருந்தால் இது கடினம். ஜெயித்தால் டொமைனை உங்களிடம் மாற்றித் தருவார்கள் அல்லது ரத்து செய்வார்கள்; நஷ்டஈடு கிடையாது.

அவர் விலை கேட்ட கடிதங்களையும், தளம் இப்போது காட்டும் பக்கத்தின் படத்தையும் பத்திரப்படுத்துங்கள். பதிவு நிறுவனத்தின் பதில் வரும்வரை அவரிடம் பேரம் பேசாதீர்கள்.